சூசையப்பர், வளனார், யோசேப்பு: திண்டுக்கல் சமவெளியில் கிறித்தவ நூல்கள் புழங்கிய விதம்

திண்டுக்கல் நகரில் 1866க்கும் 1872க்கும் இடையில் எழுந்த பெரிய கோயில், 2003இல் மறைமாவட்டம் உருவானபோது பேராலயம் ஆயிற்று. அதன் பாதுகாவலர் ஒருவர். அவருக்குப் பெயர் மூன்று. ஊரில் வயதானவர்களுக்கு அது சூசையப்பர் கோயில். அழைப்பிதழ்களில் புனித வளனார் பேராலயம். அதே ஊரில் தென்னிந்தியத் திருச்சபை வழிபாட்டில் மத்தேயு முதல் அதிகாரத்தை வாசிப்பவர் அதே மனிதரை யோசேப்பு என்கிறார். 'சூசை' போர்த்துக்கீசியர் நாவழி வந்து தமிழில் படிந்த ஒலி. 'யோசேப்பு' சீர்திருத்தச் சபையாரின் வேதாகமம் நிலைநிறுத்திய வடிவம். 'வளன்' வீரமாமுனிவர் செய்தது. பெருகுதல் என்னும் எபிரேயப் பெயர்ப்பொருளைத் தமிழாக்கித் தம் காப்பியமான தேம்பாவணியின் தலைவனுக்கு அவர் சூட்டினார்.

இக்கட்டுரை அந்த மூன்றாம் பெயரிலிருந்து தொடங்குகிறது. 1726இல் இயற்றப்பட்டதாகக் கொள்ளப்படும் தேம்பாவணி மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள் கொண்டது. அதை முழுக்கப் படித்தவரை எந்தப் பங்கிலும் தேடித்தான் காணவேண்டும். ஆனாலும் அதன் தலைவன் பெயர் கோயிலின் பெயராகிவிட்டது. ஊர் படிக்காத நூல் ஊருக்குள் எப்படிப் புகுந்தது?

கிறித்தவ நூல்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அச்சகம், பதிப்பாண்டு, படிகள் என்னும் வரிசையிலேயே செல்கின்றனர். அவ்வரிசையில் சீர்திருத்தச் சபையார் படித்த கூட்டமாகவும் கத்தோலிக்கர் கேட்ட கூட்டமாகவும் பிரிந்து தெரிவார்கள். திண்டுக்கல் சமவெளிக்கு இந்தப் பிரிவு பொருந்தவில்லை என்பது என் வாதம். இங்கு இரு சபைகளிலும் நூல் நடமாடியது வாசித்துக் காட்டிய ஒருவரின் குரலால். ஆகவே எத்தனை படிகள் இருந்தன என்பதைக் கேட்குமுன் யார் வாசித்தார், யாருக்கு வாசித்தார் என்று கேட்க வேண்டும்.

ஓலையும் வேதியரும்

தமிழ் அச்சு கிறித்தவ நூலில் தொடங்கியது என்பது அறிந்ததே. அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் அடுத்த ஆண்டு கொச்சியிலும் அச்சேறின. அடியார் வரலாறு 1586இல் வந்தது. இவை முத்துக்குளித்துறைப் பரதவரை நோக்கியவை. கடற்கரையில் பிறந்த அச்சு உள்நாட்டுக்கு உடனே ஏறிவரவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியின் உரைநடை நூல்களை இயேசு சபையின் மதுரை மிஷன் ஊர்கள் பெரும்பாலும் ஓலைப்படிகளாகவே அறிந்தன. தேம்பாவணியும் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக வெளிவரும்வரை ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் ஓலையில்தான் வாழ்ந்தது.

ஓலை நூலுக்கு இருவர் தேவை: படியெடுப்பவர் ஒருவர், படித்துச் சொல்பவர் ஒருவர். மதுரை மிஷனில் இவ்விரு வேலையையும் பெரிதும் சுமந்தவர் உபதேசியார். குருக்கள் சிலர், ஊர்கள் பல. குரு வந்துபோக மாதங்கள் ஆகும். இடைப்பட்ட ஞாயிறுகளில் ஊரைக் கூட்டி ஜெபம் சொன்னவர் உபதேசியார். பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்ததும், சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்ததும், பிணத்தை அடக்கம் செய்ததும் அவரே. 1720களின் பிற்பகுதியில் வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே வேதியர் ஒழுக்கம் எழுதினார். தலைப்பைச் சற்று நின்று பார்க்கலாம். வேதம் ஓதுபவர் என்று ஊர் ஏற்கெனவே ஒரு சாதியாரைச் சொல்லிவந்த சொல்லை எடுத்து, ஓலைக்கட்டோடு ஊர் ஊராக நடக்கும் உபதேசியாருக்கு இட்டார். பிறருக்கு ஓதுவதே அவர் தொழில்; அத்தொழிலுக்குரிய மரியாதையும் பொறுப்பும் அந்த ஒரு சொல்லில் சேர்ந்துகொண்டன.

இந்த வழி எவ்வளவு உறுதியானது என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சான்று உண்டு. 1816இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியின் எல்லிஸ், வீரமாமுனிவரின் நூல்களைத் தேடித் திரட்ட முத்துசாமிப் பிள்ளையைத் தெற்கே அனுப்பினார். முனிவர் 1747இல் இறந்தவர். இடையில் 1773இல் அவர் சார்ந்த இயேசு சபையே கலைக்கப்பட்டுவிட்டது. காக்க ஒரு சபை இல்லாத நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தேடிப்போனவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஓலைகளைப் பேணியவர்களும் படித்தவர்களும் மக்களிடையே இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அச்சு நூலும் அதே வழியில்

தரங்கம்பாடி லுத்தரன் மிஷனின் அச்சகம் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் முடித்தது. அச்சு நூல் தனி ஒருவனைத் தொட்டு மாற்றும் என்பதற்கு இராசநாயக்கனைச் சான்று காட்டுவது வழக்கம். தஞ்சைப் படையில் பணிசெய்த கத்தோலிக்கர் அவர்; அச்சான நற்செய்தியைப் படித்து 1727வாக்கில் தரங்கம்பாடியாரிடம் சேர்ந்தார். இதில் பாதிக் கதைதான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. மறுபாதி, அவரும் உபதேசியார் ஆனார் என்பது. தனியாகப் படித்த மனிதர் அடுத்துச் செய்தது பிறருக்குப் படித்துக் காட்டுவதைத்தான்.

லுத்தரன்களின் பரப்புரைக்கு எதிர்வினையாக வீரமாமுனிவர் 1728இல் வேத விளக்கம் எழுதினார். அவருக்கும் லுத்தரன்களுக்கும் நடந்தது கடும் சண்டை. ஆனால் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது அதே தரங்கம்பாடி அச்சகத்தில். மேடையில் மறுத்தவரின் நூலைப் பட்டறையில் அச்சிட்டுத் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். சபை வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் பயன்படும் நூல் அதைத் தாண்டும்.

திண்டுக்கல்லுக்கு அச்சு நூல் பெருவாரியாக வந்தது அமெரிக்க மதுரை மிஷன் வழியாக. யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அம்மிஷன் விரைவிலேயே திண்டுக்கல்லிலும் பின்னர் வத்தலக்குண்டிலும் நிலையம் அமைத்தது. பசுமலையில் இறையியல் பள்ளியும் லெனாக்ஸ் அச்சகமும் இருந்தன. புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து சந்தைக்கும் திருவிழாவுக்கும் போன விற்பனை ஊழியர்கள் நற்செய்திப் பகுதிகளைச் சில காசுக்கு விற்றார்கள். விற்றதற்குக் காரணம் உண்டு: இலவசமாகக் கொடுத்த தாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும் என்பது அவர்கள் பட்டறிவு. ஆனால் வாங்கியவர் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? 1951இல்கூட இந்திய மக்களில் எழுத்தறிந்தவர் 18.33 சதவீதமே. அதற்கு நூறாண்டு முன்னே, மானாவாரி நிலத்தை நம்பிய சமவெளிச் சிற்றூரில் ஒரு தெருவுக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. எனவே விற்பனை ஊழியர் முதலில் படித்துக் காட்டினார்; கேட்டவர் பிறகு வாங்கினார். வேதாகமப் பெண்கள் என்று அழைக்கப்பட்ட ஊழியப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினார்கள், எழுத்தும் கற்பித்தார்கள். வெளியே போகாத பெண்ணுக்கு நூல் ஒரு பெண்ணின் குரலாகத்தான் வாசல் கடந்தது. மிஷன் ஏடுகளில் விற்ற படிகள் எண்ணிக்கையாகப் பதிவாயின. கேட்ட செவிகளை எண்ணுவார் இல்லை.

சொல்லே வேலி

இரு சபைக் குடும்பங்களும் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவர் புத்தகத்தை ஒருவர் வாங்கிப் படிக்காமல் இருந்ததற்கு அதிகாரிகளின் தடை மட்டும் காரணமாக முடியாது. முதல் பக்கத்திலேயே சொல் காட்டிக்கொடுத்துவிடும். 'சேசு' என்றிருந்தால் கத்தோலிக்க நூல், 'இயேசு' என்றால் மற்றது. கடவுளைச் சர்வேசுரன் என்றால் கத்தோலிக்கர். பபிரீசியுஸின் வேதாகம மொழிபெயர்ப்பு வழியில் பராபரன் என்றோ, 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்புக்குப் பின் தேவன் என்றோ சொன்னால் சீர்திருத்தச் சபையார். பேதுரு கத்தோலிக்கருக்கு இராயப்பர்; பவுல் சின்னப்பர்; யோவான் அருளப்பர். புனிதர் பெயருக்கு முன் 'அர்ச்.' என்ற சுருக்கம் நின்றால் வேறு அடையாளமே வேண்டாம். அர்ச்சியசிஷ்டரை அறியாத வீட்டில் அந்தப் பக்கம் புரளாது.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேதநூலை எல்லா விசுவாசிகளுக்கும் திறந்துவிடச் சொன்னது. அதன் விளைவுகளில் ஒன்றாக, இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து செய்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. அதில் சர்வேசுரனும் தேவனும் கடவுள் ஆனார்கள்; இராயப்பர் பேதுரு ஆனார்; சூசை யோசேப்பு ஆனார். சொல்லளவில் வேலி பிடுங்கப்பட்டது. ஆனால் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்கள் பலவும் மனப்பாடமான பழைய வசனத்தை விடவில்லை. கத்தோலிக்க ஊர்களில் வாசக மேடையில் 'பவுல் எழுதிய திருமுகம்' வாசிக்கப்படும்போது கேட்டுக்கொண்டிருப்பவர் பெயர் சின்னப்பனாக இருக்கும். செவி வழி வந்த சொல்லைக் கண்ணுக்கு முன் வைக்கும் அச்சு எளிதில் மாற்றிவிடுவதில்லை.

கேட்ட நூல்களின் நிலை

கேட்பதற்கென்றே ஆன நூல்வகைகள் இருந்தன. கொன்சால்வெஸ் அடிகளார் பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவசுகாலத்தில் உரக்க ஓதுவதற்கானது. கடல் கடந்து தமிழகக் கத்தோலிக்கரிடமும் வந்தது. வீரமாமுனிவரின் கித்தேரி அம்மாள் அம்மானை போன்றவை இழுத்துப் பாடுவதற்கேற்ற நடையில் புனிதர் கதையைச் சொன்னவை. திண்டுக்கல் மேட்டுப்பட்டி வியாகுல அன்னை ஆலயம்போன்ற இடங்களில் நிகழும் பாஸ்கு என்னும் திருப்பாடுகளின் நாடகம் இம்மரபின் பெருவடிவம்: ஒரு நூல் பல வாய்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு இரவெல்லாம் ஊர்முன் நடிக்கப்படுகிறது.

பழைய கத்தோலிக்க வீடுகளில் கிடைக்கும் ஜெபப்புத்தகத்தைக் கையில் எடுத்தால் இம்மரபின் தடம் தாளிலேயே தெரியும். கும்பிடும் மந்திரங்களும் சாவோருக்கான மன்றாட்டும் உள்ள பக்கங்கள் விளிம்பு கறுத்து, மெழுகுதிரிச் சொட்டோடு இருக்கும். ஞானதியானப் பக்கங்கள் புதுக்கருக்குக் குலையாமல் கிடக்கும். அட்டையின் உட்புறத்தில் பிள்ளைகளின் ஞானஸ்நானத் தேதியும் பெரியவர்கள் இறந்த தேதியும். நடுவே குருத்தோலை ஞாயிறின் ஓலைக்கீற்று. கறுத்த பக்கங்கள் துக்க வீட்டில் ஒருவர் சொல்ல மற்றவர் மறுமொழி சொன்னவை. அந்தப் புத்தகம் ஒரு வீட்டில் இருந்து ஒரு தெருவுக்கே பயன்பட்டது.

வீட்டுக்கு வீடு புத்தகம் வந்தபின் நடந்ததுதான் கவனத்துக்குரியது. எழுத்தறிவு பரவினால் நூல்கள் பெருகும் என்று எதிர்பார்ப்போம். பெருகின, கூடவே அம்மானையும் பிரசங்கமும் புழக்கத்திலிருந்து நழுவின. ஒருவர் பாடப் பலர் கேட்பதற்கென ஆன நடையைத் தனியே அமர்ந்து கண்ணால் ஓட்டிப் படித்தால் அது நீளமாகவும் சலிப்பாகவும்தான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் ஊருக்குத் தெரிந்திருந்த ஒரு நூல்வகை, தெரிந்த காலத்தில் மறைந்தது. அதைக் கொன்றது அறியாமை என்று சொல்ல இயலாது.

ஒரு மறுப்பு

கேட்ட காலத்தைப் பொற்காலமாக்குவதாக இவ்வாதத்தை எவரேனும் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. வாசிப்பவர் கையில் அதிகாரம் இருந்தது. எதை வாசிப்பது, எதை விடுவது, எந்தத் தெருவுக்குப் போவது என்பதை அவரே முடிவு செய்தார். கோயிலுக்குள் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்த ஊர்களில் எல்லாச் செவிக்கும் ஒரே தொலைவில் அக்குரல் கேட்கவில்லை. 1847இல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தன் ஊழியர்கள் சேர்ந்து உண்ண வேண்டும் என்று வற்புறுத்தியபோது உபதேசியார்கள் பலர் மறுத்து வேலையை இழந்தார்கள். ஊருக்கு வேதம் வாசித்தவரே ஊரோடு உண்ண மறுத்த கதை இது. ஒடுக்கப்பட்ட ஒருவர் தன் பெயர் எழுதிய வேதாகமத்தைத் தன் கையில் பிடித்தது அந்த இடைத்தரகரிடமிருந்து பெற்ற விடுதலை. அதைக் குறைத்து மதிக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை வீழ்த்தவில்லை, கூர்மையாக்குகிறது. குரலே நூலைச் சுமந்ததென்றால், குரல் யாருடையது என்பதே வரலாற்றின் முதற்கேள்வி ஆகிறது. படிகளை எண்ணும் வரலாற்றில் 1847 ஒரு நிர்வாகத் தகராறு. வாசித்தவரை எண்ணும் வரலாற்றில் அது நூல் வழங்கிய பாதைகள் அறுந்து புதுப் பாதைகள் தேடப்பட்ட ஆண்டு.

முடிவுரை

இன்று கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டம் நடக்கிறது. பத்துப் பதினைந்து வீட்டார் ஒரு வீட்டில் கூடி, ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தமக்குப் பட்டதைச் சொல்கிறார்கள். வாசிப்பவர் பெரும்பாலும் பெண். எல்லார் வீட்டிலும் விவிலியம் உண்டு. இருந்தும் ஒருவர் வாசிக்கக் கேட்கிறார்கள். பழைய முறையில் வாசித்தவரோடு முடிந்த உரிமை இதில் சுற்றி வருகிறது. அன்பியத்தைத் திருச்சபை நிர்வாக ஏற்பாடாக மட்டும் காண்போர் அதற்குள் இருக்கும் இந்த வாசிப்பு வரலாற்றைத் தவறவிடுகின்றனர்.

ஆய்வாளருக்கு இதனால் ஒரு வேலை விழுகிறது. கொடைக்கானல் மலையில் செண்பகனூரிலுள்ள இயேசு சபை ஆவணக் காப்பகத்தில் குருக்களின் பக்கம் இருக்கிறது: கடிதங்களும் அறிக்கைகளும். வாசித்தவரின் பக்கம் சமவெளியில், பாஸ்கு வாத்தியார் வீட்டு டிரங்குப் பெட்டியில், பாட்டுக் கைப்பிரதியில், விளிம்பு கறுத்த ஜெபப்புத்தகத்தில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைப் படியெடுக்கும்போது உரியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இதை யார் எழுதினார் என்பதோடு நின்றுவிடக் கூடாது. இதை யார் வாசித்தார், அப்போது யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

தேம்பாவணியைப் படிக்காத ஊர் வளனாரை அறிந்ததற்கு விடையும் அங்கேதான். படித்த ஒருவர் பிரசங்கத்திலோ வகுப்பிலோ அப்பெயரைச் சொன்னார். கேட்டவர் பிள்ளைக்கு வளன் என்று பெயரிட்டார். அச்சகக் கணக்கில் வராத அந்தப் பிள்ளையும் தேம்பாவணியின் ஒரு படிதான்.