கிட்டியும் அண்ணாந்தாளும்

கிட்டி, அண்ணாந்தாள் என்னும் இரு தமிழ்ச் சொற்கள் 1855இல் ஆங்கில அறிக்கையொன்றில் ஏறின. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை ஆராய அமைந்த குழுவின் அறிக்கை அது. நம் செவ்வாப்பேட்டை வழியே ஆற்காட்டுப் புகைவண்டி ஓடத் தொடங்குவதற்கு ஓராண்டு முற்பட்டது. விரல்களை இடையிலிட்டு நெரிக்கும் இரு மரக்கோல்களே கிட்டி. உடலை வளைத்துக் கயிற்றால் பிணித்து அசையவிடாது வைத்தல் அண்ணாந்தாள். திண்ணைப் பள்ளித் தண்டனையொன்றுக்கும் இதுவே பெயர் என்பதை அகராதி புரட்டியோர் அறிவர்.

எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் முன் 1,959 முறையீடுகள் குவிந்தன. வரி செலுத்தாத உழவனும், களவில் ஐயுறப்பட்டவனும் ஒரே கிட்டிக்கு ஆளாயினர். வரி தண்டிய தாசில்தாரிடமே காவல் அதிகாரமும் இருந்ததே காரணம். குழுவோ பழியைச் சுதேசிச் சிற்றலுவலர்மீது சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளை விடுவித்தது. வரியை விதித்தவர் தூயர், தண்டியவர் மட்டுமே கொடியர் என்னும் அம்முடிவு எனக்கு உடன்பாடன்று.

ஆயினும் பயன் விளைந்தது. 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவல் சட்டம் காவலுக்கெனத் தனித் துறை கண்டது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என 1861ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டம் விதித்தது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவாயிற்று. வாக்குமூலம் பயனற்றதாயின் அதனைப் பிழிந்தெடுக்க வேண்டுவதில்லை என்பதே கருத்து.

ஆனால் அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு ஒரு புழைக்கடை வாயிலைத் திறந்துவிட்டது. காவலில் இருப்பவன் சொல்லால் ஒரு பொருள் அகப்படின், அப்பொருளைப் பற்றிய கூற்று மட்டும் சான்றாகும். பொருள் கிடைத்தது என்று காட்டினால் போதும். எவ்வாறு சொன்னான் என்னும் வினா மங்கிவிடுகிறது. சிலம்பு கையிலிருந்தது என்பதற்காகவே கோவலன் வெட்டுண்டதை ஆண்டுதோறும் வகுப்பில் கூறும் எனக்கு இவ்விதி புதிதாகத் தோன்றவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவிலும் தடையும் விலக்கும் சேர்ந்தே தொடர்கின்றன.

எனவே விசாரணை நேரத்தில் உடனிருப்பார் யார் என்பதே உயிர்நாடி. நந்தினி சத்பதி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம், விசாரிக்கப்படுபவர் விரும்பின் வழக்கறிஞரை அருகே அனுமதிக்க வேண்டும் என்றது. பின்னர் வந்த சட்டமோ வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுதும் அன்று எனச் சுருக்கிக்கொண்டது. கைதின் காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் உரைத்தல் வேண்டும் என 2025 பிப்ரவரியில் அந்நீதிமன்றம் வலியுறுத்தியது. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உழைக்கும் ஒடியாத் தொழிலாளி ஒருவரை இரவில் அழைத்துச் செல்லும்போது, அவர் மொழி அறிந்த ஒருவரையும் நிலையத்துக்கு அழைத்தாக வேண்டும்.