நிறத்திற்கும் ஒரு துலாக்கோல்

லூமுட் படகுத்துறையில் நின்று பங்கோர்த் தீவை நோக்குவோர் யாவரும் ஒரே கடலைத்தான் காண்கின்றனர். ஆயினும் அதன் நிறம் யாதெனக் கேட்டால் ஒருவர் நீலம் என்பார். மற்றொருவர் பச்சை என்பார். மூன்றாமவர் சாம்பல் என்பார். அக்கடலின் படம் ஒன்றை இரண்டு மடிக்கணினிகளில் திறந்து வைத்துப் பார்த்தாலோ, வேற்றுமை இன்னும் வளர்கிறது. ஒரு திரையில் நீலம் மிகுந்து தோன்றும். மற்றொன்றில் மஞ்சள் படர்ந்து நிற்கும். இங்கே கண்கள் மட்டுமல்ல, கருவிகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இவற்றுள் எது உண்மை நிறம்? இவ்வினாவுக்கு விடை தேடிய மனித முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சாயலை நம் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களிலும் காணலாம்.

நம் முன்னோர் விடியுமுன் எழுந்து மரம் சீவிச் சேகரித்த பால், அமிலத்தால் உறைந்து, உருளைகளில் நசுங்கி, புகைக்கூடத்தில் சில நாள் தொங்கிய பின்னரே ஷீட்டாக வெளிவந்தது. அதன் தரத்தை முடிவு செய்தது கண் ஒன்றே. ஷீட்டை வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பிடித்து, புகை ஏறியது மிகுதியா, பூஞ்சணம் உண்டா, குமிழி உண்டா, பட்டைத்தூள் உண்டா என்று பார்ப்பர். தெளிவான தேன்நிறம் உயர்தரம், கருத்தது கீழ்த்தரம். தரம் ஒருபடி இறங்கினால் விலையும் இறங்கும். இரண்டு ஏக்கர் வைத்திருந்த சிறுதோட்டக்காரருக்கு, வாங்குபவரின் கண்ணே நீதிமன்றம், மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

இக்குறையைப் போக்கவே வாணிக உலகம் மாதிரி ஷீட்டுகளை வகுத்தது. ‘பச்சைப் புத்தகம்’ என்று வழங்கிய பன்னாட்டுத் தரநூலும், அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரிகளும் வழக்கில் இருந்தன. ஆனால் மாதிரியும் ரப்பர்தானே! காலம் செல்லச் செல்ல அதுவும் நிறம் மாறக்கூடியதே. அளவுகோலே சுருங்கிவிட்டால் துணிக்கு ஏது அளவு?

மாறாத மாதிரி வேண்டும் என்ற சிந்தனை வேறொரு தொழிலில் முன்னரே பிறந்திருந்தது. இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகரத்தில் மது வடிக்கும் தொழில் நடத்திய ஜோசப் லவ்விபாண்ட், பீரின் நிறத்தை ஒரே சீராக வைத்திருக்க வண்ணக் கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு ஒப்பிடும் கருவியை அமைத்து, 1885ஆம் ஆண்டில் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். அவருடைய அளவுமுறை பிற்காலத்தில் நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. 1965ஆம் ஆண்டில், கண்ணால் தரம் பிரிப்பதற்கு மாற்றாக, ஆய்வுக்கூடச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட எஸ்.எம்.ஆர். என்னும் தர நிர்ணயத் திட்டம் தோன்றியது. அதன் வெளிர்நிற வகையான எஸ்.எம்.ஆர். எல், லவ்விபாண்ட் அளவில் 6ஐத் தாண்டலாகாது என்பது விதி. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பின்பும் அம்முறை மறையவில்லை. பனை எண்ணெயின் நிறமும் அதே அளவால் சொல்லப்படுகிறது.

கண்ணாடியினும் நுட்பமான அளவு எண் அன்றோ? இங்கிலாந்தில் ரைட் என்பவர் பத்துப் பேரையும், கில்டு என்பவர் ஏழு பேரையும் கொண்டு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து பிற நிறங்களுக்கு இணைகாணச் செய்தனர். அப்பதினேழு பேருடைய கண்களின் சராசரியே 1931ஆம் ஆண்டில் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையத்தால் பொதுக்கண்ணாக ஏற்கப்பட்டது. இன்று உலகத்துத் திரைகளின் நிறக்கணக்கு பெரும்பாலும் அதன் வழிவந்ததே.

கணினிக் காலம் வந்தபோது பழைய சிக்கல் புது உருவில் எழுந்தது. ஒரே எண்ணை வெவ்வேறு திரைகள் வெவ்வேறு நிறமாகக் காட்டின. 1993ஆம் ஆண்டில் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. ஒவ்வொரு கருவியும் நிறத்தை எவ்வாறு காட்டுகிறது என்பதைக் கூறும் ‘நிறவிவரக் கோப்பு’க்கு அது பொது இலக்கணம் வகுத்தது. 1996ஆம் ஆண்டில் எச்.பி., மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது நிறவெளியை முன்மொழிந்தன. 1999இல் அது பன்னாட்டுத் தரமாயிற்று.

மடிக்கணினித் திரையைச் சீர்செய்வோர், அதனை அரைமணி நேரம் ஒளிரவிட்டு, நிறமானி என்னும் சிறு கருவியை அதன்மீது வைப்பர். மென்பொருள் வரிசையாக நிறங்களைக் காட்ட, கருவி அவற்றை அளக்கும். வெண்மை 6500 கெல்வின் அளவிலும், ஒளிச்சாய்வு காமா 2.2 அளவிலும் அமையுமாறு திருத்துவது பெருவழக்கு. பின்பு, அத்திரையின் இயல்பு ஒரு கோப்பாக எழுதப்படும். அதே வகைக் கணினி வைத்திருக்கும் நண்பருக்கு அக்கோப்பை அனுப்புவோரும் உளர். அஃது ஓரளவு துணை செய்யலாம். ஆயினும் பிறர் மூக்குக்கண்ணாடியை நாம் அணிவதற்கே அது நிகர். ஒரே ஆலையில் பிறந்த இரு திரைகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. நாளடைவில் அவை மங்கும் விதமும் வேறு. ஆகவே திரையின் கோப்பு அத்திரைக்கே உரியது. பகிரவேண்டியது படத்தின் கோப்பு. அதனைப் படத்தினுள்ளேயே பொதிந்து அனுப்புதல் வேண்டும்.

இதில் நமக்கென்ன என்று எண்ணிவிடலாகாது. பேராக்கின் பல தோட்டங்கள் இன்று பெயரளவில் மட்டுமே வாழ்கின்றன. லயங்கள் இடிந்தன, புகைக்கூடங்கள் மறைந்தன. பழுப்பேறிய நிழற்படங்களே எஞ்சிய சான்றுகள். அவற்றை நம் பிள்ளைகள் கணினியில் ஏற்றிச் சேமிக்கின்றனர், போற்றத்தக்க பணி. ஆனால் நீலம் மிகுந்த திரையில் பார்த்து ஒருவர் ‘திருத்திய’ படம், மஞ்சள் மிகுந்த பிழையாக நிலைத்துவிடும். ஒரு பாட்டியின் சேலை நிறமும், ஒரு கோயில் தேரின் வண்ணமும் அவ்வாறே பொய்யாகிவிடும். நகலெடுக்கும்போது நிற அட்டை ஒன்றையும் உடன் வைத்தெடுத்தல், அளந்த திரையில் மட்டுமே திருத்துதல், மூலப்படியை மாற்றாது காத்தல் ஆகிய மூன்றும் கைக்கொண்டால் போதும்.

வள்ளுவர் சான்றோரின் நடுவுநிலைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். நிறத்திற்கும் அத்தகைய கோல் ஒன்று கிட்டியிருக்கிறது. அன்று கண் ஒன்றையே நம்பி விலையை இழந்தோர் உண்டு. இன்று திரையை நம்பி வரலாற்றை இழந்துவிடாதிருப்போமாக.