காலடியில் விரிந்த கற்சித்திரம்

வாழும் இல்லத்தின் தரையைக் கற்சித்திரத்தால் அணிசெய்யும் வழக்கம் மிகத் தொன்மையானது. மக்கெதோனியாவின் பெல்லா நகரத்துச் செல்வர், கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே தம் மனைகளில் கூழாங்கற்களைப் பதித்து வேட்டைக் காட்சிகளை அமைப்பித்தனர். பின்னர், பல நிறக் கற்களைச் சிறு கட்டிகளாக வெட்டிப் பதிக்கும் முறை பரவிற்று.

இக்கலையின் சிகரமெனப் போற்றப்படுவது, இத்தாலியின் பொம்பேயி நகரத்து மனையொன்றில் 1831இல் வெளிப்பட்ட சித்திரமாகும். அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியசும் பொருதும் அக்காட்சி பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்றுண்டுகளால் ஆனது. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை கக்கிய சாம்பல் அந்நகரை மூடிற்று. சித்திரத்தின் சில பகுதிகள் சிதைந்தபோதிலும், தாரியசின் கண்களில் தெரியும் அச்சம் இன்றும் மங்கவில்லை.

இத்தகைய தரைகளின் உறுதிக்குக் காரணம் யாது? கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் வித்துருவியசு விடை பகர்கின்றார். முதலில் கையளவுக் கற்களைப் பரப்புதல் வேண்டும். அதன்மேல் மூன்று பங்கு உடைகல்லும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆட்கள் பலர் கூடி மரக்கட்டைகளால் இடித்து இறுக்குவர். இறுகியபின் அதன் கனம் முக்கால் அடிக்குக் குறையலாகாது. மூன்றாவதாக, ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்து இடப்பெறும். அதன் பின்னரே மட்டம் பார்த்துக் கற்களைப் பதித்து, தேய்த்து வழவழப்பாக்குவர்.

விருந்தினர் வியந்தது மேலே விரிந்த சித்திரத்தை. அதனைத் தாங்கி நின்றதோ, எவர் கண்ணிலும் படாத அடித்தளமும், அதனை இடித்து இறுக்கிய பெயரறியாத் தொழிலாளரின் உழைப்புமாகும்.