பாலூட்டும் அன்னையும் பார்க்கும் கண்களும்

2018ஆம் ஆண்டு மார்ச் திங்களில், நம் வாளையாற்றுக்கு அப்பால் கேரளத்தில், ‘கிருகலட்சுமி’ என்னும் மகளிர் இதழின் அட்டைப்படம் பெரும் வாதத்தைக் கிளப்பியது. ஜிலு ஜோசப் என்னும் நடிகை ஒரு குழந்தைக்குப் பாலூட்டும் கோலத்தில் நம்மை நேருக்கு நேர் நோக்குகிறார். உற்றுப் பார்க்காதீர் என்று தாய்மார் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றும் படத்தோடு அச்சாகியிருந்தது. பொது இடத்தில் பாலூட்டுவதற்குள்ள தயக்கத்தைப் போக்குவதே தன் நோக்கம் என்றது இதழ். படத்தில் இருப்பவர் தாயல்லரே, இது விற்பனைத் தந்திரமன்றோ என்றனர் மறுத்தோர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தலைமை நீதிபதி அந்தோணி டொமினிக் உள்ளிட்ட அமர்வு, படத்தில் ஆபாசம் ஏதும் காண இயலவில்லை என்று மனுவைத் தள்ளியது. இரவிவர்மாவின் ஓவியங்களைக் காணும் அதே கண்களால் இப்படத்தையும் கண்டதாக அத்தீர்ப்பு கூறிற்று.

நீதிமன்றம் கண்களைப் பற்றிப் பேசியது பொருத்தமே. பாலூட்டும் தாயின் படத்திற்கு நெடிய வரலாறு உண்டு. அது ஓவியரின் வரலாறு மட்டுமன்று; பார்த்தவர்களின் வரலாறுமாகும்.

உரோமையில் பிரிசில்லா சுரங்கக் கல்லறையில், தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் தீட்டிய ஓர் ஓவியம் உள்ளது. அன்னை தன் மகவை மார்போடு அணைத்திருக்கிறாள். 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பாலூட்டும் மரியாவின் ஓவியங்கள் பலிபீடங்களை அணி செய்தன. இறைமகன் மெய்யாகவே மனிதரானார், பசித்தார், ஒரு பெண்ணின் பாலை உண்டு வளர்ந்தார் என்னும் மறையுண்மையை எழுத்தறியாத ஏழையும் அப்படங்களில் படித்தறிந்தார். இரஷ்யாவின் ஹெர்மிடாஜ் காட்சியகத்தில் உள்ள ‘லித்தா மடோன்னா’ லியொனார்தோ தா வின்சியின் பெயரால் அறியப்படுவது. அதில் அன்னையின் பார்வை குழந்தை மீது தாழ்ந்திருக்கிறது. நம்மைப் பார்ப்பது குழந்தையே.

1563இல் திரெந்து பொதுச்சங்கம் திருப்படங்களில் ஒழுங்கும் கண்ணியமும் வேண்டும் என்று விதித்தது. 1565இல், சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்ப்பின் உருவங்கள் மீது வேறோர் ஓவியர் ஆடை தீட்டினார். பாலூட்டும் அன்னையின் படங்களும் மெல்ல மெல்லப் பீடங்களை விட்டு நீங்கின. நம் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையிடம் வளர்ந்த நாம், மாதாவின் கரத்தில் குழந்தையைக் கண்டிருக்கிறோம். பாலுண்ணும் குழந்தையைக் காண்பது அரிது. ஆயினும் வேளாங்கண்ணி மரபில் அன்னை ஆயர் சிறுவனிடம் கேட்டது தன் குழந்தைக்குப் பால்தான் என்பதை நாம் மறக்கவில்லை.

ஆலயம் கைவிட்ட படத்தை அங்காடி எடுத்துக்கொண்டது. 1867இல் ஹென்றி நெஸ்லே குழந்தைகளுக்கான மாவுணவைச் சந்தைக்குக் கொண்டு வந்தார். அதன் பின் புட்டிப்பாலும் பால்மாவும் நாடெங்கும் பரவின. கொழுத்த குழந்தையும் புன்னகைக்கும் தாயும் டப்பாக்களின் மீது தோன்றினர். நல்ல நீரும் எரிபொருளும் இல்லாத வீடுகளில் அம்மாவு வயிற்றுப்போக்கையும் கூடவே கொண்டு சென்றது. 1981இல் உலக நலவாழ்வு மன்றம் இத்தகைய விளம்பரங்களுக்கு எதிரான நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் சட்டமே இயற்றியது. பால்மாவு டப்பாவின் மீது குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தலாகாது என்று அச்சட்டம் விலக்கியது. தாய்மையின் படம் தாய்ப்பாலுக்கே பகையாகக்கூடும் என்று ஒரு நாடு உணர்ந்த நாள் அது.

நவநாகரிக இதழ்களின் கதை வேறு. பெண்ணின் மார்பை ஆடை விற்கவும் வாசனைப் பொருள் விற்கவும் அவை தயங்காமல் காட்டி வந்தன. ஆனால் அதே மார்பில் குழந்தை பாலுண்பதைக் காட்டக் கூசின. எது இயல்போ அது மறைந்தது. எது விலைபோகுமோ அது தெரிந்தது. இதனால், 2012இல் அமெரிக்க ‘டைம்’ செய்தி இதழ் மூன்று வயது மகனுக்குப் பாலூட்டும் தாயை அட்டையில் நிறுத்தியபோதும், 2015இல் ஆஸ்திரேலிய ‘எல்’ இதழ் நிக்கோல் திரூன்பியோ என்னும் விளம்பர அழகி தன் மகவுக்குப் பாலூட்டும் படத்தை வெளியிட்டபோதும் உலகம் வியந்தது. கேரளத்து அட்டையும் அவ்வரிசையில் வந்ததே.

இவற்றை வெறும் வணிகம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. கூசி ஒளிந்த ஒரு செயலை அவை வெளிச்சத்திற்குக் கொணர்ந்தன. எனினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். பழைய ஓவியத்து அன்னை குழந்தையைப் பார்த்தாள். ‘டைம்’ அட்டையிலும் கேரளத்து அட்டையிலும் பெண் நம்மைப் பார்க்கிறாள். நம் பார்வைக்கு விடை சொல்ல வேண்டிய நிலை அவளுக்கு. நம் கண்கள் தூய்மையாயிருந்தால் அவள் நம்மை நோக்க வேண்டியதே இல்லை.

நம் கொங்கு மண்ணின் தாய்மார் இவ்வாதத்தை அறியார். பருத்திக் காட்டின் வரப்போரம் வேப்பமரத்தில் தூளி கட்டி, குழந்தை அழுதால் களைக்கொத்தைக் கீழே வைத்து, முந்தானைக்குள் அணைத்துப் பாலூட்டினர். காட்டவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. காட்டை விட்டு ஆலைக்கு வந்தபோது முந்தானை உடன் வந்தது; மரநிழலும் தூளியும் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் மிகுந்த ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டுமென்றது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும் வரை நாள்தோறும் பாலூட்ட இரு இடைவேளைகளைத் தாய்க்கு வழங்கியது. எழுத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உரிமை அது.

இன்று உலகின் கடைகளுக்குச் செல்லும் பின்னலாடைகளை, கைக்குழந்தைகளின் சட்டைகள் உட்பட, திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் நம் சகோதரிகள் தைக்கின்றனர். எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பெண்ணுக்கு இடைவேளை என்பது கூலி இழப்பு. சிறு கூடங்களில் காப்பகமும் இல்லை. யாரோ ஒரு குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் வைக்கும் வேளையில் அவள் மார்பில் பால் கட்டி வலிக்கிறது. அவள் குழந்தையோ பாட்டியின் மடியில் புட்டியைச் சப்புகிறது. எந்த இதழின் அட்டையிலும் வராத படம் இது.

2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அமைந்த தாய்ப்பால் வங்கி, எங்கோ ஒரு தாய் ஈந்த பாலை வேறொரு தாயின் குறைமாதக் குழந்தைக்கு ஊட்டியது. வேளாங்கண்ணிச் சிறுவனின் பாற்குடம் நம் நினைவுக்கு வருகிறது.

2014 சனவரியில், அதே சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கிய திருத்தந்தை பிரான்சிஸ், பசித்தழும் குழந்தைக்குத் தயங்காது பாலூட்டுமாறு தாய்மாரிடம் கூறினார். நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன் ஓவியத்திற்கு ஆடை போர்த்திய கூடத்தில் எழுந்த சொல் அது.

லூக்கா நற்செய்தியில், கூட்டத்திலிருந்த பெண்ணொருத்தி இயேசுவுக்குப் பாலூட்டிய மார்பைப் போற்றுகிறாள். ஆண்டவர் அதை மறுக்கவில்லை. இறைவார்த்தையைக் கேட்டு அதைக் கடைப்பிடிப்போரே பேறுபெற்றோர் என்று அவளை அடுத்த படிக்கு அழைக்கிறார். தாய்மையின் படத்தைப் போற்றுவது எளிது. திருவிழா நாளில் நம் ஆலய முற்றத்தில், பனியன் கம்பெனியின் மூலையில், ஒரு தாய் அச்சமின்றி அமர ஒரு நாற்காலியும் சிறிது நேரமும் தருவதே கடைப்பிடித்தல். அந்நாற்காலி நம் பங்கில் உண்டா என்று இந்த ஞாயிறு பார்த்து வருவோம்.