நின்றுகொண்டே படித்த படிப்பு

1712இல் தரங்கம்பாடிக்கு ஓர் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. அதை ஓட்ட வேண்டியவர் வந்து சேரவில்லை. இயந்திரத்தோடு கப்பலேறிய ஜோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். அங்கிருந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு ஊரில் விசாரித்ததில், கோட்டைச் சிப்பாய் ஒருவருக்கு அந்தத் தொழில் கொஞ்சம் தெரியும் என்று தகவல் கிடைத்தது. அவரைக் கொண்டுதான் வேலை தொடங்கியது. அச்சகத்துக்குத் தோதான ஆள் தேடும் படலம் இந்த மண்ணில் அன்றே ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை காகிதத்தை விழுங்கும் அளவுக்குப் பெரியவை. சின்ன எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் அச்சிட்டு முடிந்தது. வார்க்கவும் கோக்கவும் ஓட்டவும் தெரிந்த கைகள் இப்படித்தான், தேவை நெருக்க நெருக்க, ஒன்றைப் பார்த்து ஒன்று உருவாயின.

சென்னை எழும்பூரின் ஆண் அநாதை இல்லம் இந்தக் கற்றலுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தது. ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1790களில் சோதித்துப் பார்த்த இடம் இதுதான். அந்த முறை பிறகு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போனது. இல்லத்துக்கென்று ஓர் அச்சகமும் இருந்தது. சிறுவர்கள் அங்கே தொழில் கற்றார்கள். பட்டமும் சான்றிதழும் இல்லாவிட்டால் என்ன, அதுவும் ஓர் அச்சுப் பள்ளிதான்.

அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகமே கல்லூரி. பையன் சேர்ந்தால் முதலில் கூட்டிப் பெருக்குவான். அடுத்தது, அடித்து முடித்த ஃபாரத்தைப் பிரித்து ஈய எழுத்துகளைக் கேஸ் என்ற தட்டில் அந்தந்தக் குழியில் போடுவது. எந்த எழுத்து எங்கே கிடக்கிறது என்பதைக் கை மனப்பாடம் செய்வது அப்போதுதான். அதன் பிறகே, எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக்கை இடக்கையில் தருவார்கள். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். வரியையோ தலைகீழாக வைத்துப் படிக்க வேண்டும். தமிழில் சுமை இன்னும் அதிகம். இகர, ஈகார, உகர, ஊகார உயிர்மெய்கள் மட்டுமே எழுபத்திரண்டு வடிவங்கள். இத்தனையும் நின்றுகொண்டே. உட்கார்ந்து படித்த பொறியாளருக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட இந்தப் படிப்புக்குக் கிடைத்ததில்லை.

ஆனாலும் இங்கிருந்து எழுத்தாளர்கள் வந்தார்கள். 'பாலும் பாவையும்' எழுதிய விந்தன் அச்சுக்கோப்பவராகத் தொடங்கி 'கல்கி' ஆசிரியர் குழுவுக்குள் நுழைந்தவர். அடுத்தவர் வாக்கியத்தை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அடுக்குகிறவனுக்கு, எந்தச் சொல் வீண் என்பது விரலிலேயே தெரிந்துவிடும் போலும்.

கேஸின் சுமையைக் குறைக்க நினைத்தவர்களில் பெரியார் முக்கியமானவர். 1935இல் 'குடி அரசு' இதழில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் தனி வடிவங்களைக் கைவிட்டு, இருக்கிற குறிகளாலேயே எழுதிக் காட்டினார். அச்சுக்கூடத்து வசதியும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. தமிழக அரசு அதை ஏற்க 1978 ஆனது.

முறையான படிப்பு அதற்குள் வந்துவிட்டிருந்தது. 1950களில் அலகாபாத், கல்கத்தா, பம்பாய், சென்னை என்று நான்கு திசைக்கும் வட்டார அச்சுப் பள்ளிகளை அரசு திட்டமிட்டது. சென்னைப் பள்ளியின் வழிவந்ததே தரமணியில் உள்ள அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம். அங்கே பட்டயப் படிப்பு. 1980களின் தொடக்கத்தில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பம் பி.இ. பட்டமாகவே ஆனது. 1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த கல்லூரி அது. கோவை அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்கள் இதே பட்டம் படிக்க வழி பிறந்தது. பெண்களை அதிகம் பார்த்திராத தொழிலில் இது சின்ன விஷயமில்லை.

வேடிக்கை என்னவென்றால், பட்டம் வந்தபோது ஈயம் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. ஒளி அச்சுக்கோப்பும் பிறகு கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபியும் வந்து, நாற்பது வருஷ அனுபவக்காரரைக்கூட கீபோர்டு முன் புதுப் பையனாக உட்கார வைத்தன. வகுப்பறைப் பாடமும் வேறாக இருந்தது. எண்ணெய் மையும் தண்ணீரும் ஒட்டாமல் விலகுவதால் ஆப்செட் தகட்டில் படம் எப்படி நிற்கிறது, நான்கு மைகளைக் கொண்டு ஆயிரம் நிறங்களை எப்படிக் காட்டுவது, ஈரத்தில் காகிதம் எவ்வளவு நீளும் என்பவை பாடங்கள். அனுபவக்காரர் கண்ணால் சரிபார்த்த நிறத்தை மாணவர் கருவியால் அளந்து எண்ணாகச் சொன்னார். நிறம் தப்பினால் சரக்கையே திருப்பி அனுப்பும் காலத்தில் அந்த எண் இல்லாமல் முடியாது.

சிவகாசி நிறத்தின் அருமையை முன்பே உணர்ந்த ஊர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்க் கற்று வந்தது தீப்பெட்டித் தொழிலை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு நிறம் வேண்டும் என்பதால் லித்தோ அச்சகங்கள் பின்னால் வந்தன. காலண்டரும் டைரியும் அதன் பின்னால். அந்த வட்டாரத்து அரசன் கணேசன் பாலிடெக்னிக்கில் அச்சுத் தொழில்நுட்பப் பட்டயம் இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தீப்பெட்டி லேபிள் சொன்ன சேதி கிண்டிக்கும் எட்டிவிட்டது. புத்தகத்தையும் செய்தித்தாளையும் விட மருந்து, பிஸ்கட், சோப்பு இவற்றின் பெட்டிகளே இன்று அச்சுப் பட்டதாரிக்கு உறுதியான வேலை. கிண்டியில் துறையின் பெயரே இப்போது அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பம்.