கொலுப் பெட்டியின் பயணம்

கொலுப் பொம்மைகளைப் பற்றி எழுதுவோர் பண்ருட்டியையும் மதுரையை அடுத்த விளாச்சேரியையும் குறிப்பிடத் தவறுவதில்லை. அவற்றைப் பொதிந்து ஊர்விட்டு ஊர் கொண்டுசென்ற பெண்களைப் பற்றிய எழுத்துதான் குறைவு.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்த பின்னரே அவர்கள் கொலுவைக் கலைப்பார்கள். சூளையில் வெந்த மண்ணானாலும் நீட்டிய கை, வில், குழல் ஆகியவையே முதலில் ஒடியும். அவ்விடங்களில் பழைய பருத்திப் புடவைத் துண்டைச் சுற்றி, மேலே செய்தித்தாள் பொதிந்து, இடைவெளிகளில் வைக்கோல் திணிப்பார்கள். கனமானவை அடியில் இருக்கும். காகிதக்கூழ்ப் பொம்மை எடை குறைந்தது. அதற்குப் பகை ஈரம். செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி இணையோ எளிதில் உடையாது. மணமகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்பியதும் அதையே. பிறந்தகம் விட்டுப் போகிறவளுக்குப் பொருத்தமான துணை அது.

சென்ற ஆண்டு வீடு மாறியபோது, மறைந்த என் அம்மாவின் தசாவதார வரிசையில் பரசுராமரின் கோடரி ஒடிந்துவிட்டது. பொதிந்தவன் நான்தான், துணி சுற்றாமல் வெறும் தாளில் மடித்திருந்தேன். பின்னப்பட்டதைக் கொலுவில் வைப்பதில்லை என்பது அம்மாவின் வழக்கம். இவ்வாண்டு ஒன்பது அவதாரங்களையே வைத்தோம். கலைக்கும்போது பெட்டியின் அடியில் பாட்டியின் சுங்குடிப் புடவைத் துண்டு கிடைத்தது. ஒவ்வொரு பொம்மையையும் அதில் கிழித்த துணியால்தான் சுற்றினேன்.