சாலை திருத்திய வண்டி

நம் பக்கத்தில் ‘பென்ஸ்’ என்ற சொல் முதலில் பழகியது லாரியின் பேராகத்தான். 1954இல் டாடாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் பதித்த அந்த வண்டிகள் நெல்லும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்க ஓடின. ஒப்பந்தம் 15 ஆண்டு. 1969இல் அது முடிந்தது. நட்சத்திரம் இறங்கியது, பேர் இறங்கவில்லை. அதற்குப் பின்னும் வெகுகாலம் பட்டறைகளில் டாடா வண்டியைப் ‘பென்ஸ் வண்டி’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதனக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து போனவரைவிட, பாரம் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் மலையேறிய டிரைவருக்குத்தான் அந்தப் பேரோடு நெருக்கம் அதிகம்.

மன்ஹைம் நகரத்துப் பென்ஸ் கம்பெனியும் கான்ஸ்டாட் ஊரில் பிறந்த டைம்லர் கம்பெனியும் ஒன்றாக இணைந்தது 1926 ஜூன் 28. அந்த இணைப்புக்கு இப்போது நூறு வயது. நூற்றாண்டு மலர் என்றால் புகழ்மாலை தொடுப்பது வழக்கம். பெரும் பொறியாளர்கள், பெரும் எஞ்சின்கள், பந்தயக் கோப்பைகள் என்று வரிசையாக எழுதிவிடலாம். ஆனால் இந்த நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. பட்டறைக்கு உள்ளே இருந்தவர்கள் பார்க்காத குறையை வெளியே இருந்து ஒருவர் காட்டியபோதெல்லாம் வண்டி ஒரு படி மேலே போயிருக்கிறது. காட்டியவர்களில் ஒருவர் மனைவி, ஒருவர் வியாபாரி, ஒருவர் வேலை கேட்டு வந்தவர், ஒருவர் பத்திரிகைக்காரர்.

முதலில் மனைவி. பெர்த்தா ரிங்கர் 1849இல் போர்ட்ஸ்ஹைம் ஊரில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்னாலேயே தன் சீதனத்தில் ஒரு பகுதியை வாங்கி, கூட்டாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கார்ல் பென்ஸின் தொழிலில் போட்டவர். 1872இல் மணம். அதற்குப் பின் வருமானம் இல்லாத வருடங்கள் பல. 1886 ஜனவரி 29இல் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 37435 என்ற எண்ணில் அது பதிவானது. மூன்று சக்கரம், ஒற்றை சிலிண்டர், 954 சி.சி., முக்கால் குதிரைத் திறன். இன்றைய மொபெட்டைவிடக் குறைந்த வலு. கார்ல் நல்ல பொறியாளர். ஆனால் வண்டியைத் திரும்பத் திரும்பச் சீர்செய்துகொண்டே இருந்தாரே தவிர, துணிந்து நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்கவில்லை. வாங்கவும் ஆள் இல்லை.

1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, கணவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது பெர்த்தா தன் இரு மகன்களையும் எழுப்பினார். மூத்தவன் ஆய்கனுக்கு 15, ரிச்சர்டுக்கு அதற்கும் கீழே. எஞ்சின் சத்தம் வீட்டில் கேட்காத தூரம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பியதாகச் சொல்வார்கள். போக வேண்டிய இடம் அவருடைய தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய பெண்ணை யார் தடுப்பது?

வழியில் நடந்தது எல்லாம் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம் ஆக வேண்டிய பாடம். வண்டியில் பெட்ரோல் டேங்க் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வீஸ்லோக் ஊரில் எரிபொருள் தீரப்போக, மருந்துக்கடையில் நிறுத்தி லிக்ரோயின் வாங்கினார். துணிக்கறை போக்க விற்ற பெட்ரோலிய வடிகரைசல் அது. அந்த மருந்துக்கடை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் அந்த ஊர் பெருமை பேசுகிறது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி உரசித் தீப்பொறி கசிந்தபோது காலுறையைப் பிடித்துக் கட்டும் பட்டையைச் சுற்றி அடைத்தார். செயின் தளர்ந்தது, கொல்லரைத் தேடிப் பிடித்தார்கள். மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்கவில்லை. செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் போய்க் கட்டைமேல் தோல் வைத்து ஆணியடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் என்று இன்று நாம் மாற்றுகிற சாமான் பிறந்த இடம் அந்தச் செருப்புக் கடை.

பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாள் கழித்து அதே வண்டியில் திரும்பினார். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும், பிரேக்குக்குத் தோல் வேண்டும் என்ற இரண்டு திருத்தங்கள் அந்தப் பயணத்தின் வரவு. கார்ல் இரண்டையும் செய்தார். கணவன் செய்த பொருளில் மனைவி சொன்ன குறையை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட அந்த அடக்கத்துக்காகவே அவருக்குத் தனியாக ஒரு காப்புரிமை தந்திருக்கலாம்.

இதே காலத்தில் கான்ஸ்டாட்டில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாகும் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகையில் எஞ்சின் செய்துகொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இராப்பகலாக ஏதோ தட்டுகிறார்களே, கள்ளப்பணம் அடிக்கிறார்களோ என்று தோட்டக்காரர் போலீசில் சொல்ல, சோதனை நடந்து எஞ்சின் பாகங்கள் மட்டும் கிடைத்ததாக ஒரு கதை உண்டு. டைம்லரும் பென்ஸும் நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள் வாழ்ந்தும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை என்கிறார்கள். 1900 மார்ச்சில் டைம்லர் இறந்தார்.

அதே மாதம் இன்னொரு சாவு. பிரான்சின் நீஸ் நகருக்கு அருகே நடந்த மலையேற்றப் பந்தயத்தில் டைம்லர் வண்டி கட்டுப்பாடு இழந்து, ஓட்டுநர் வில்ஹெல்ம் பவர் இறந்துபோனார். பந்தயமே வேண்டாம் என்று கம்பெனி ஒதுங்கப் பார்த்தது. நீஸில் வண்டி விற்றுக்கொண்டிருந்த எமில் யெலினெக் விடவில்லை. வண்டி உயரம், அகலம் போதாது, எடை மேலே நிற்கிறது, அதனால்தான் கவிழ்கிறது என்று அவர் அடித்துச் சொன்னார். வாய்ப்பேச்சோடு நிற்கவும் இல்லை. 36 வண்டிகளுக்கு 5,50,000 தங்க மார்க்குக்கு ஆர்டர் கொடுத்தார். ஒரு நிபந்தனை: புதிய வண்டிக்குத் தன் மகளின் பேரை வைக்க வேண்டும். அந்தச் சிறுமியின் பேர் மெர்சிடிஸ். ஸ்பானிய மொழியில் அருள் என்று பொருள்.

மைபாக் செய்து கொடுத்த 35 குதிரைத் திறன் வண்டி தாழ்வாக, நீளமாக, அகலமாக இருந்தது. குதிரை வண்டியில் எஞ்சினைப் பூட்டியதுபோன்ற தோற்றம் போய், கார் என்று சொல்லத்தக்க உருவம் வந்தது. அதன் ரேடியேட்டரை மட்டும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தேன்கூடு போல 8,070 சிறு குழாய்களை அடுக்கிப் பற்றவைத்தது. ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் சதுரம். கொஞ்சம் தண்ணீரே எஞ்சின் சூட்டைத் தணிக்கப் போதுமானது. 1901 மார்ச்சில் நீஸ் பந்தய வாரத்தில் அந்த வண்டி மற்றவர்களை எட்டாத தூரத்தில் விட்டது. 1902இல் ‘மெர்சிடிஸ்’ வணிகப் பெயராகப் பதிவானது. அடுத்த ஆண்டு யெலினெக் தன் பேரோடும் அதை ஒட்டிக்கொண்டார். மகளின் பேரைத் தகப்பன் தன் பேரோடு சேர்த்துக்கொள்வது நம் வழக்கத்துக்கு நேர்மாறு.

நட்சத்திரம் 1909இல் பதிவானது. நிலம், நீர், வானம் மூன்றிலும் தன் எஞ்சின் ஓட வேண்டும் என்ற டைம்லரின் கனவை அதன் மூன்று முனைகள் குறிக்கும் என்பார்கள். பென்ஸின் சின்னம் இலைமாலை. முதல் உலகப்போருக்குப் பின் பணவீக்கம் ஜெர்மனியை உலுக்கியபோது இரண்டு கம்பெனிகளும் தனித்தனியே பிழைக்க முடியாமல் இணைந்தன. நட்சத்திரத்தைச் சுற்றி மாலை போட்டுக்கொண்டது கல்யாணக் கோலம் போல இருந்தாலும், உண்மையில் அது கடன் நெருக்கடி சேர்த்துவைத்த ஜோடி.

இதற்கு அடுத்து வரும் பகுதியை மலர்களில் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். 1933க்குப் பின் டைம்லர்-பென்ஸ் நாஜி அரசோடு நெருங்கிச் செழித்தது. ஹிட்லர் நின்றுகொண்டு கைதூக்கும் படங்களில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் திறந்த கார்தான். போர்க்காலத்தில் விமான எஞ்சினும் ராணுவ லாரியும் செய்தது. 1944இல் அதன் 63,610 தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். எமில் யெலினெக்கின் தந்தை அடால்ஃப் யெலினெக் வியன்னாவின் புகழ்பெற்ற யூத மதகுரு. யூதரை ஒழிக்கக் கிளம்பிய ஆள் ஒரு யூத மதகுருவின் பேத்தி பேர் தாங்கிய வண்டியில் ஊர்வலம் போனார். இந்தக் குறையைக் கம்பெனி காதில் வாங்க நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1980களில்தான் வரலாற்றாய்வாளர்களுக்குத் தன் ஆவணங்களைத் திறந்தது; 1988இல் இழப்பீடாக 2 கோடி மார்க் ஒதுக்கியது. பிரேக்குக்குத் தோல் வைக்கச் சில நாள் போதுமாயிருந்த கம்பெனிக்கு இதற்கு அவ்வளவு காலம் ஆனதை, நூற்றாண்டு என்பதற்காக நான் மெழுகிப் பூச மாட்டேன்.

மூன்றாமவர் பேலா பாரென்யி. ஆஸ்திரியர். வேலை கேட்டு வந்த இடத்தில், இப்போதைய கார்களில் என்ன மாற்றுவீர்கள் என்று நிர்வாகி கேட்க, அச்சு, ஸ்டீயரிங் என்று தொடங்கி ஏறக்குறைய எல்லாமே தவறு என்று அடுக்கினாராம். பல இடங்களில் அந்த நிமிடமே வாசல் காட்டியிருப்பார்கள். 1939இல் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பாதுகாப்பான கார் என்றால் இரும்புப்பெட்டி மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும் என்பது பொது நம்பிக்கை. பாரென்யி தலைகீழாக யோசித்தார். ஆள் உட்காரும் கூடு மட்டும் கெட்டியாக இருக்கட்டும்; முன்பக்கமும் பின்பக்கமும் மோதினால் நசுங்கட்டும். நசுங்குகிற தகடு மோதலின் வேகத்தைத் தின்றுவிடும். ஆளுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். 1951இல் விண்ணப்பித்த இந்தக் காப்புரிமை 1959இல் கார் வடிவம் பெற்றது. விபத்தில் காரின் மூக்கு அப்பளமாகி, உள்ளே இருந்தவர் கதவைத் திறந்து நடந்து வருவதைப் பார்த்து நாம் அதிசயிக்கிறோமே, அந்த அதிசயத்தின் கணக்கு இதுதான்.

அதே 1959இல் ஸிண்டல்ஃபிங்கன் ஆலையில் வண்டிகளை வேண்டுமென்றே மோதவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். பின்னர் வண்டியை முடுக்கக் கொதிநீர் ராக்கெட் ஒன்றைப் பின்னால் பூட்டினார்கள். நீராவியைக் கக்கிக்கொண்டு கார் சுவரில் போய் விழும். 1969 முதல் பொறியாளர்கள் உண்மையான விபத்து நடந்த இடத்துக்கே போய், நசுங்கிய தகட்டை அளந்து குறித்து வந்தார்கள். 1978இல் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், 1981இல் வந்த காற்றுப்பையும் இந்தப் பழக்கத்தின் விளைச்சல். இதற்கெல்லாம் முன்பு, 1955 ஜூன் 11இல் பிரான்சின் லே மான் பந்தயத்தில் அவர்களது பந்தயக் கார் தூக்கியெறியப்பட்டுக் கூட்டத்தில் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்னீசியம் கலந்த அதன் உடல் தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிந்தது. அந்த ஆண்டோடு பந்தயத்தை விட்டவர்கள் திரும்பி வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

பென்ஸ் கெடாது என்ற பேரைக் கட்டிக்கொடுத்தவர்கள் டாக்ஸிக்காரர்கள். 1936இல் வந்த 260 டி என்ற டீசல் காரே வாடகை வண்டியாகத்தான் பேர் வாங்கியது. கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் ஒருவர் 1976ஆம் வருடத்து 240 டி காரை, எஞ்சினை மாற்றி மாற்றிப் பூட்டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004இல் அது கம்பெனியின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நான்காமவர் ஸ்வீடன் பத்திரிகைக்காரர். அந்த நாட்டுச் சாலையில் மூஸ் என்ற பெரிய மான் திடீரென்று குறுக்கே பாயும். ஸ்டீயரிங்கை வெட்டி ஒதுக்கி உடனே மறுபடி வெட்ட வேண்டும். 1997 அக்டோபரில் புதிய ஏ-கிளாஸ் சிறிய காரை அவர் அப்படி ஓட்டிப் பார்த்தபோது அது கவிழ்ந்தது. நூறாண்டுப் பேர் ஒரு நாளில் உலகத்தின் கேலிக்கு ஆளாயிற்று. முதலில் சோதனையைக் குறைசொன்ன நிர்வாகம், சில வாரங்களில் விற்பனையை நிறுத்தி, ஸஸ்பென்ஷனைத் திருத்தி, அதுவரை விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த இ.எஸ்.பி. என்ற வழுக்குத் தடுப்பு மின்னணு ஏற்பாட்டை அந்தச் சின்னக் காரிலும் பொருத்தியது. 2014 முதல் ஐரோப்பாவில் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். ஏ-கிளாஸில் வெளிப்பட்டதும் 1900இல் யெலினெக் சொன்ன அதே குறைதான்: வண்டி உயரம்.

அதற்குப் பின் நல்ல காலம் மட்டும் இல்லை. 1998இல் அமெரிக்கக் கார் கம்பெனியான கிரைஸ்லரோடு இணைந்து 2007இல் பிரிந்த வகையில் போன பணமும் மானமும் கொஞ்சமல்ல. 1990களின் கடைசியில் வந்த சில கார்களின் துரு பற்றிய புலம்பல் இன்னும் ஓயவில்லை. டீசல் கார்களின் புகை அளவைச் சோதனையில் ஏமாற்றியதாக எழுந்த விவகாரத்தில் 2020இல் அமெரிக்க அரசுக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்கள்.

2021 டிசம்பரில் லாரிப் பிரிவு தனிக் கம்பெனியாயிற்று. பாகம் பிரித்தபோது கம்பெனிப் பேரில் ‘டைம்லர்’ லாரிக்குப் போனது. ‘மெர்சிடிஸ்-பென்ஸ்’ காருக்கு நின்றது. இந்தியாவில் கணக்கு வேறு. சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2012இல் திறந்த லாரி ஆலை, தன் வண்டிக்கு வைத்த பேர் பாரத்பென்ஸ். லாரி என்றாலே பென்ஸ் என்று சொல்லிப் பழகிய ஊரில் வேறு பேர் எடுபடாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எந்த டிரைவரோ.